காலேஜ் மாறணும்னு தோணுதா? டிசியை கடைசியா கேளுங்க

ஜூன் மாசம் பொறந்தா எங்க கடைக்கு ரெண்டு வகையான பிள்ளைங்க வருவாங்க. கேரளாவுல பாலக்காடு பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கற கொழிஞ்சாம்பாறையில ஆன்லைன் அப்ளிகேஷன் போட்டுக் குடுக்கற சின்னக் கடை எங்களோடது, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ரெண்டு பிளாஸ்டிக் சேர். ப்ளஸ் டூ முடிச்சு புதுசா சேர்றவங்க அப்பா அம்மாவோட காலையிலயே வந்து வரிசையில நிப்பாங்க. இன்னொரு வகை தனியா வரும். கூட்டம் கலையற வரைக்கும் வெளிய நின்னு போனை நோண்டிட்டு இருந்துட்டு, சாயங்காலம் ஷட்டர் இறக்கப் போற நேரத்துல உள்ள வந்து மெதுவா கேக்கும், "அக்கா, ஒரு வருஷம் முடிச்சுட்டேன், காலேஜ் மாத்திக்கலாமா?" அந்தப் பிள்ளைங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

எனக்கும் இது நடந்திருக்கு. கோயமுத்தூர் பக்கம் ஒரு செல்ஃப் பைனான்ஸ் காலேஜ்ல பிகாம் சேந்தேன். அந்த வருஷம் ஆழியாறு தண்ணி நேரத்துக்கு வரலை, எங்க ரெண்டாம் போக நெல்லு காஞ்சு போச்சு, பீஸ் கட்ட லேட் ஆச்சு, கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் பேரைப் படிச்சு வெளிய நிக்க வெச்சாங்க. வந்த ஆத்திரத்துல அடுத்த வாரமே அப்பாவைக் கூட்டிட்டுப் போய் டிசி வாங்கிட்டேன், அதுக்கப்புறம்தான் இந்தப் பக்கம் ஒரு காலேஜ்ல போய்க் கேட்டேன், மூணாவது செமஸ்டர்ல அந்த கோர்ஸுக்கு சீட்டே காலி இல்லைன்னுட்டாங்க. பழைய காலேஜுக்குத் திரும்பிப் போனா ரிஜிஸ்டர்ல பேரை அடிச்சாச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னாங்க. ஒரு வருஷம் வீட்ல இருந்தேன், அதுக்கப்புறம் மறுபடியும் மொதல் வருஷத்துல உக்காந்தேன். ஆக ரெண்டு வருஷம் போச்சு. பீஸ் கட்ட முடியாத கஷ்டத்தை விட, அந்த ஒரு பேப்பரை முன்கூட்டியே வாங்கினதுதான் எனக்குப் பெரிய நஷ்டம்.

அதனால கீழ சொல்றதையெல்லாம் இதே வரிசையில பண்ணுங்க.

மொதல்ல, ஏன் மாறணும்னு ஒரே ஒரு வரி எழுதுங்க

நிறைய பேருக்கு இது தெரியறதில்லை. கேட்டா பீஸ் ஜாஸ்திம்பாங்க, அஞ்சு நிமிஷம் பேசினா ஹாஸ்டல்ல ஒத்து வரலைம்பாங்க, இன்னும் பத்து நிமிஷம் பேசினா வீட்ல அப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னு கண்ணு கலங்கும். மூணும் வேற வேற பிரச்சனை. காசுன்னா காலேஜ் மாறாமயே சில வழி இருக்கு. ஹாஸ்டல்தான் பிரச்சனைன்னா தங்கற இடத்தை மாத்தினா போதும். வீட்ல ஆள் தேவைன்னா தூரம்தான் கணக்கு, பீஸ் இல்லை. சப்ஜெக்ட் பிடிக்கலைன்னா காலேஜ் மாறினாலும் அதே சப்ஜெக்ட்தான் அங்கயும் வரும்ங்க, ஏன்னா டிரான்ஸ்பர்ங்கறதே பெரும்பாலும் அதே கோர்ஸுக்குத்தான் குடுப்பாங்க.

ஒண்ணு மட்டும் தனியா சொல்லிடறேன். ராகிங், அடி, தப்பா நடந்துக்கறது இந்த மாதிரி ஏதாவது இருந்தா கணக்கும் வேணாம் நோட்டும் வேணாம், வீட்ல சொல்லிட்டு அன்னைக்கே கெளம்பி வாங்க. ராகிங் புகாருக்கு 1800-180-5522ன்னு இலவச நம்பர் இருக்கு, எந்த நேரமும் கூப்பிடலாம்.

அப்புறம் கணக்கு நோட்டு

இதுலதான் உக்காந்து நேரம் செலவு பண்ணணும். எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா இதுவரைக்கும் கட்டினதையும் சேத்து எழுதுவாங்க. கட்டினது போச்சு, இருந்தாலும் போச்சு மாறினாலும் போச்சு. இனிமே ஆகப் போறதை மட்டும் எழுதுங்க, அதுவும் ரெண்டு பக்கமா.

போன வருஷம் ஒரு பொண்ணு வந்துச்சு, நடுப்புணி பக்கம், அப்பா தென்னந்தோப்புல கூலி வேலை. கோயமுத்தூர்ல பிகாம் சிஏ, மொதல் வருஷம் முடிஞ்சிருந்தது. இங்க கவர்மெண்ட் காலேஜுக்கு மாறணும்னு முடிவே பண்ணிட்டு வந்துச்சு. உக்கார வெச்சு எழுதினோம். மீதி ரெண்டு வருஷத்துக்கு பீஸ் வருஷம் 45,000 வீதம் 90,000, காலேஜ் பஸ் வருஷம் 22,000 வீதம் 44,000, எக்ஸாம் பீஸ் ரெக்கார்டு நோட்டு இதெல்லாம் 16,000, ஆக 1,50,000. சரி, இந்தப் பக்கம் வந்தா? மூணாவது செமஸ்டர்லயே நேரா சீட் கெடைச்சா ரெண்டு வருஷத்துக்கும் சேத்து பஸ், சாப்பாடு, பீஸ் எல்லாம் 30,000 தாண்டாது. பாக்க பெரிய மிச்சம்தான். ஆனா மறுபடி மொதல் வருஷத்துல உக்காரச் சொன்னா? மூணு வருஷ செலவு 45,000, அது கூட ஒரு வருஷம் லேட்டா வேலைக்குப் போறதால போற சம்பளம், மாசம் 10,000ன்னு வெச்சாலும் 1,20,000. கூட்டினா 1,65,000. இருக்கறதை விட ஜாஸ்தி! அந்தப் பொண்ணு அந்த நம்பரையே பாத்துட்டு ரொம்ப நேரம் பேசலை.

ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, போற சம்பளம்ங்கறது இன்னைக்குக் கையில இருந்து போற காசு இல்லை, பீஸ்ங்கறது இன்னைக்கே கையில இருந்து போற காசு. வட்டிக்கு வாங்கித்தான் கட்டணும், அம்மா தாலிக்கொடியத்தான் அடகு வெக்கணும்னு இருந்தா அந்த வட்டியையும் நோட்டுல எழுதணும். அப்போ கணக்கு திரும்பவும் மாறும். அதனாலதான் ஊர்ல யாரோ மாறினாங்கன்னு நாமளும் மாறக் கூடாதுன்னு சொல்றேன், ஒவ்வொரு வீட்டு நோட்டும் வேற.

அந்தப் பொண்ணுக்கு அந்தப் பக்கம் எந்த வருஷத்துல சீட்டுன்னு உறுதியா யாரும் சொல்லலை. அதனால மாறலை. காலேஜ் பஸ்ஸை மட்டும் விட்டுச்சு. நம்ம பக்கம் பஸ்ல வேலந்தாவளம் வரைக்கும் வந்து, அங்கிருந்து உக்கடம் போற தமிழ்நாட்டு டவுன் பஸ். சாதா கட்டண டவுன் பஸ்ல 2021 மே மாசத்துல இருந்து பொண்ணுங்களுக்கு டிக்கெட் காசு கிடையாதுல்ல. நம்ம பக்கம் பஸ்ஸுக்கு வருஷத்துக்கு 6,000 ஆகும், மிச்சம் 16,000. ரெண்டு வருஷத்துக்கு 32,000. பீஸை மூணு தவணையா கட்டறோம்னு அப்பா எழுதிக் குடுத்தாரு, பிரின்சிபால் சரின்னு கையெழுத்து போட்டாரு. தவணை கேக்கறதுக்கு நிறைய வீட்ல கூச்சப்படறாங்க, வாயில கேக்காம லெட்டரா எழுதிக் குடுங்க, எழுதிக் குடுத்தா முக்கால்வாசி இடத்துல யோசிக்கறாங்க.

ரயில் ஓரமா இருக்கறவங்க இன்னொண்ணு பாருங்க. பாலக்காடு, கஞ்சிக்கோடு, வாளையார்ல இருந்து கோயமுத்தூர் போறவங்களுக்கு ஸ்டூடெண்ட் சீசன் டிக்கெட் பாதி விலை. வீட்ல இருந்து காலேஜ் போற பொண்ணுங்களுக்கு டிகிரி முடியற வரைக்கும் செகண்ட் கிளாஸ் மாச சீசனே இலவசம். இதுக்கு காலேஜ்ல பார்ம் வாங்கி சீல் போட்டுக் கொண்டு போகணும், கவுண்டர்ல சும்மா போய்க் கேட்டா கெடைக்காது.

வீட்ல எப்போ சொல்றது

கணக்கு நோட்டு கையில இருக்கும்போதுதான் சொல்லணும், அதுக்கு முன்னாடி சொன்னா அது அழுகையா போயிடும் இல்லைன்னா சண்டையா போயிடும். எங்க பக்கம் அப்பாமார் எல்லாரும் சொல்றது ஒரே வார்த்தைதான், "காசை நான் பாத்துக்கறேன், நீ படி சாமி". அதைக் கேட்டதும் நாம வாயை மூடிக்கறோம். அவங்க பாத்துக்கறேன்னு சொல்றது எங்கிருந்துன்னு நமக்குத் தெரியணும். "இந்த வருஷத்துக்கு எவ்வளவு கையில இருக்குதுங்கப்பா, எவ்வளவு வெளிய வாங்கணும்?"னு நேரா கேளுங்க. நான் அன்னைக்கு கேக்கலை.

அம்மாகிட்டயோ, மாமாவோ சித்தப்பாவோ படிப்பு விஷயம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்டயோ மொதல்ல நோட்டைக் காட்டிட்டு அப்புறம் அப்பாகிட்ட போனா நல்லது. பொண்ணுங்களுக்கு இன்னொரு பயம் இருக்கு, எனக்குத் தெரியும். காலேஜ் மாறறேன்னு வாயைத் திறந்தா, அப்போ படிப்பை நிறுத்திட்டு மாப்பிள்ளை பாத்துடலாமான்னு பேச்சு அந்தப் பக்கம் ஓடிடும். அதனால பேச்சை எடுக்கும்போதே எந்த காலேஜ், எந்த வருஷம், எப்போ முடியும்னு மூணும் சொல்லிடுங்க. "மாறணும்ப்பா"ன்னு மட்டும் சொல்லி நிறுத்தாதீங்க.

இதுல எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு தம்பி, அப்பாவுக்கு பக்கவாதம் வந்து படுத்துட்டாரு, வீட்ல அம்மா மட்டும், கறவை மாடு நாலு. அவன் கோயமுத்தூர் ஹாஸ்டலை விட்டுட்டு இங்க வந்து மொதல் வருஷத்துல இருந்து மறுபடி சேந்தான். கணக்குப் படி நஷ்டம்தான். ஆனா காலையில பால் கறந்து சொசைட்டில ஊத்திட்டு காலேஜ் போறான், அப்பாவைக் குளிப்பாட்ட ஆள் இருக்கு. அது சரியான முடிவுதான்னு நான் நினைக்கறேன்.

அந்தப் பக்கம் சீட் இருக்கா, எந்த வருஷத்துல

இப்பத்தான் புது காலேஜ் ஆபீசுக்குப் போகணும், போன்ல கேட்டா போதாது, நேர்ல போங்க. கேக்க வேண்டியது: என் கோர்ஸ்ல எந்த செமஸ்டர்ல காலியிடம் இருக்கு, யூனிவர்சிட்டி டிரான்ஸ்பருக்கு எப்போ அறிவிப்பு போடும், சிலபஸ் ஒத்துப் போகுதான்னு யார் முடிவு பண்ணுவாங்க. பெரும்பாலும் மூணாவது இல்லைன்னா அஞ்சாவது செமஸ்டர் தொடக்கத்துலதான் விடுவாங்க, நடுவுல கேட்டா கெடைக்காது. ஒரே யூனிவர்சிட்டிக்குள்ள மாறினா ஓரளவு சுலபம். ஆனா அட்டானமஸ் காலேஜ்னா பாத்துக்கோங்க, ரெண்டும் பாரதியார் யூனிவர்சிட்டி கீழதான் இருக்கும், ஆனா அட்டானமஸ் காலேஜ் சிலபஸை அவங்களே போட்டுக்கறதால பேப்பர் ஒத்துப் போகாது.

மாநில எல்லை தாண்டி மாறினா விஷயம் இன்னும் கஷ்டம். கேரளாவுல 2024 ஜூலையில இருந்து நாலு வருஷ டிகிரி வந்துடுச்சு, காலிகட் யூனிவர்சிட்டியும் அதுலதான் இருக்கு. மூணு வருஷத்துல வெளிய வந்தா 133 கிரெடிட் (பாஸ் பண்ற ஒவ்வொரு பேப்பருக்கும் கெடைக்கற புள்ளி), நாலாவது வருஷமும் படிச்சு ஹானர்ஸ் வாங்கினா 177. தமிழ்நாட்டுல ஸ்டேட் யூனிவர்சிட்டி காலேஜ்ல மூணு வருஷ டிகிரிதான். மேஜர், மைனர்னு மெயின் சப்ஜெக்ட்டையும் துணை சப்ஜெக்ட்டையும் பிரிச்சிருக்கறதும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காது. கிரெடிட்டை ஆன்லைன்ல சேத்து வெக்கற அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்ல நம்ம கிரெடிட் ஏறியிருக்கும், அது 2021-ல வந்தது, எல்லாரும் ஐடி எடுத்து வெச்சுக்கோங்க. ஆனா பேங்க்ல கிரெடிட் இருக்குதுங்கறதுக்காக புது காலேஜ் எல்லாத்தையும் எடுத்துக்கும்னு அர்த்தம் இல்லை, எந்தப் பேப்பரை ஏத்துக்கணும்னு புது யூனிவர்சிட்டிதான் சொல்லும். விட்டுப் போன பேப்பரை சேத்து எழுதச் சொல்லுவாங்க. அரியர் இருந்தா அதை எங்க எழுதறதுன்னும் கேட்டு வெச்சுக்கோங்க.

மொழிப் பேப்பரை யாரும் யோசிக்கறதே இல்லை. தமிழ்நாட்டுல பார்ட் ஒன்ல தமிழ் எடுத்துப் படிச்ச பிள்ளை இந்தப் பக்கம் வந்தா, அந்த காலேஜ்ல தமிழ் இருக்கான்னு பாக்கணும். சித்தூர் கவர்மெண்ட் காலேஜ்ல தமிழ்த் துறையே இருக்கு, 1947-ல ஆரம்பிச்ச காலேஜ், நம்ம ஊர்த் தமிழ்ப் பிள்ளைங்களுக்கு அது பெரிய பலம். ஆனா கேரளாவுல எல்லா காலேஜ்லயும் அப்படி இல்லை. தமிழ் மீடியத்துல ப்ளஸ் டூ முடிச்ச பிள்ளை திடீர்னு மலையாளத்துலயோ ஹிந்தியிலயோ மொழிப் பேப்பர் எழுதணும்னா அங்கயே மார்க் போகும். அதே மாதிரி மலையாளம் எடுத்த பிள்ளை கோயமுத்தூர் போனா, பார்ட் ஒன்ல மலையாளம் இருக்கற காலேஜான்னு பாத்துட்டுத்தான் அடுத்த பேச்சு.

சர்டிபிகேட், சலுகை

நாம இந்தப் பக்கம் குடியிருந்து அந்தப் பக்கம் படிக்கறோம், ஸ்கூல் ஒரு பக்கம் ரேஷன் கார்டு ஒரு பக்கம்னு எத்தனையோ வீடு. சலுகை எல்லாம் எந்த மாநிலத்து ஆள்னு பாத்துத்தான். ஒரு மாநிலத்துல எஸ்சி லிஸ்ட்ல இருக்கறவங்க இன்னொரு மாநிலத்துக்குப் போனா அங்க ரிசர்வேஷன் அப்படியே கெடைக்காதுன்னு சுப்ரீம் கோர்ட் 1990-லயே சொல்லிடுச்சு. எஸ்சி பிள்ளைங்களுக்கு போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்பும் சொந்த மாநிலம்தான் குடுக்கும், படிக்கற மாநிலம் இல்லை. கேரளாவுல இ-கிராண்ட்ஸ் ஸ்காலர்ஷிப் வாங்கிட்டு இருக்கறவங்க காலேஜ் மாறினா அது தானா கூட வராது, புது காலேஜ்ல சேந்ததும் என்ன பண்ணணும்னு பழைய காலேஜ் ஆபீஸ்லயே கேட்டு எழுதிக்கோங்க.

தமிழ்நாட்டு கவர்மெண்ட் ஸ்கூல்ல 6-ல இருந்து 12 வரைக்கும் படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 வருது, 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது, பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்ல. இந்தப் பக்கம் மாறுறதுக்கு முன்னாடி உங்க காலேஜ்ல இந்தத் திட்டத்தைப் பாத்துக்கற நோடல் ஆபீசரைப் பாத்து, அந்தக் காசு நிக்குமான்னு கேட்டு நோட்டுல எழுதுங்க, வருஷத்துக்கு 12,000 சின்னக் காசு இல்லை.

எஜுகேஷன் லோன் எடுத்திருந்தா பேங்க்ல மொதல்ல சொல்லணும். லோன் சாங்ஷன் ஆனது அந்த காலேஜ் பேருக்கும் அந்த கோர்ஸுக்கும்தான், சொல்லாம மாறினா அடுத்த தவணை நின்னுடும்.

காசு திரும்ப வருமா

மொதல் வருஷம் சேந்த உடனே மனசு மாறினவங்களுக்கு மட்டும்தான் இது. காலேஜ், யூனிவர்சிட்டிக்கெல்லாம் விதி போடற மத்திய அமைப்பு யுஜிசி, அது 2018-ல போட்ட விதி இருக்கு. அட்மிஷன் கடைசி தேதின்னு அறிவிச்ச நாளுக்கு 15 நாள் அல்லது அதுக்கு முன்னாடி விலகினா முழு பீஸும் திரும்பக் குடுக்கணும், பிராசஸிங்குன்னு 5 சதவீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல பிடிக்கக் கூடாது. கடைசி 15 நாளுக்குள்ள விலகினா 90 சதவீதம், கடைசி தேதி தாண்டி 15 நாளுக்குள்ள 80, அதுக்கு மேல 30 நாளுக்குள்ள 50, அதையும் தாண்டினா ஒண்ணும் கிடையாது. வருஷா வருஷம் யுஜிசி இதுக்குத் தனியா தேதி போடறதும் உண்டு, உதாரணத்துக்கு 2024-ல செப்டம்பர் 30 வரைக்கும் விலகினவங்களுக்கு முழு பீஸும் திருப்பித் தரச் சொன்னாங்க. அதனால அந்த வருஷத்து நோட்டீஸை யுஜிசி சைட்ல பாருங்க.

அதே 2018 விதியில இன்னும் ரெண்டு இருக்கு. ஒரிஜினல் சர்டிபிகேட்டை காலேஜ் பிடிச்சு வெச்சுக்கக் கூடாது, சரி பாத்துட்டு உடனே திருப்பிக் குடுக்கணும். கோர்ஸ் முழுசுக்கும் பீஸை முன்கூட்டியே வாங்கக் கூடாது, அந்த வருஷத்துக்கோ செமஸ்டருக்கோ உள்ளதை மட்டும்தான் கேக்கலாம். மீதி ரெண்டு வருஷ பீஸையும் கட்டினாத்தான் டிசின்னு யாராவது சொன்னா சண்டை போடாதீங்க, "இதை எழுத்துல குடுங்க சார்"னு கேளுங்க. குடுக்க மாட்டாங்க. அப்புறம் காலேஜ் குறை தீர்க்கும் கமிட்டிக்கு ஒரு லெட்டர், அதுலயும் நடக்கலைன்னா மாணவர் புகாரை விசாரிக்கற யூனிவர்சிட்டி ஆம்புட்ஸ்பெர்சனுக்கு, யுஜிசியோட இ-சமாதான் போர்ட்டல்லயும் போடலாம். எல்லா லெட்டருக்கும் ஒரு காப்பியில சீலும் தேதியும் வாங்கிக்கோங்க.

கடைசியா டிசி

புது காலேஜ் சீட் உறுதின்னு எழுத்துல குடுத்தாச்சு, யூனிவர்சிட்டி அனுமதியும் வந்தாச்சு, பழைய காலேஜ் என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கற லெட்டர்) குடுத்தாச்சு, அப்பத்தான் டிசிக்கு அப்ளை பண்ணணும். யூனிவர்சிட்டி மாறுதுன்னா மைக்ரேஷன் சர்டிபிகேட்டும் வேணும், அது யூனிவர்சிட்டியில வாங்கறது, நாள் ஆகும். அது கூட இதுவரைக்கும் எழுதின எல்லா செமஸ்டர் மார்க் லிஸ்ட், நடத்தை சர்டிபிகேட், வருகைப் பதிவு, படிச்ச பேப்பர்களோட சிலபஸ் காப்பியில பிரின்சிபால் அட்டெஸ்ட் பண்ணினது. வெளி மாநில ப்ளஸ் டூன்னா எலிஜிபிலிட்டி சர்டிபிகேட்டும் கேப்பாங்க. சேரும்போது கட்டின காஷன் டெபாசிட் (திரும்பத் தர வேண்டிய முன்பணம்) ரசீது இருந்தா அதையும் கையில வெச்சுக்கோங்க, நிறைய பேர் கேக்காம விட்டுடறாங்க, அது உங்க காசு.

டிசியைக் கையில குடுத்ததும் உடனே பையில போடாதீங்க. பேரைப் பாருங்க. நம்ம கேரளா எஸ்எஸ்எல்சி புக்குல இனிஷியல் பேருக்குப் பின்னாடி இருக்கும், தமிழ்நாட்டு காலேஜ் ஆபீஸ்ல பழக்கத்துல முன்னாடி போட்டு அடிச்சுடுவாங்க, ஆதார்ல வேற மாதிரி இருக்கும், மூணும் ஒத்துப் போகலைன்னா அந்தப் பக்கம் சிஸ்டம் எடுத்துக்காது. பொறந்த தேதி, கோர்ஸ் பேரு, விட்டுப் போன தேதி, எந்த செமஸ்டர் வரைக்கும் படிச்சதுங்கறது, நாலையும் அந்தக் கவுண்டர்லயே நின்னு ஒவ்வொரு எழுத்தா படிங்க. தப்பு இருந்தா அப்பவே சொல்லுங்க, வேலந்தாவளம் தாண்டி வீட்டுக்கு வந்துட்டு அதைத் திருத்தறதுக்கு மறுபடி ஒரு நாள் கூலியை விட்டுட்டு அப்பாவைக் கூட்டிட்டுப் போகணும்.